நான்கு வழியில் போன ஒரே பணம்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மிளகாய் மில்லில் நான் வேலை பார்த்தேன். மூட்டை பிரிப்பது, காம்பு கிள்ளுவது, அரைத்த தூளை நிறுத்துப் பொட்டலம் கட்டுவது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்கு மேல் யாரும் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மில்லுக்கு மேல்மாடியிலேயே தங்கும் அறை. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் எழுந்ததும், இரவு வேலை முடிந்து வந்தவர்கள் அதே பாயில் படுப்பார்கள். அந்த அறையில் பாய்க்குத்தான் ஓய்வே கிடையாது.

எனக்கு இருந்த ஒரே தனித்திறமை கவலைப்படுவது. மழை பெய்தால் மிளகாய் நனையுமே என்று கவலை, வெயில் அடித்தால் மில்லில் தீப்பிடிக்குமே என்று கவலை. ஒன்றும் நடக்காத நாளில், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கவலை.

அப்படிப்பட்டவன் தலையில் தங்கையின் கல்யாணம் வந்து விழுந்தது. அப்பா இல்லை. ஊரில் அம்மாவும் தங்கையும் மட்டும். தங்கைக்கு ஏற்கனவே இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகத்தால், இன்னொன்று ரொக்கத்தால். மூன்றாவதும் தட்டிப்போனால் அந்தப் பெண்ணிடமே ஏதோ குறை என்று ஊரார் முடிவு கட்டிவிடுவார்கள். பிறகு நான்காவது இடமே வராது. இது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், எல்லோரையும்விடத் தங்கைக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை பக்கத்து ஊர் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. எட்டுப் பவுன் நகை, ஆயிரம் ரூபாய் ரொக்கம், ஒரு சைக்கிள் என்று பேசி முடித்தார்கள். வருஷக்கணக்கில் சேர்த்ததும், சீட்டு எடுத்ததுமாக என்னிடம் கல்யாணச் செலவையும் சேர்த்து மட்டுமட்டாகப் பணம் இருந்தது. அதை ஊருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் காரியம். மற்றவர்கள் அரைநாளில் முடிக்கிற காரியம்.

நான் யோசனை கேட்டேன். அங்கேதான் தப்பு. வெளிநாட்டில் இருக்கும் தமிழனிடம் பணம் இருக்கிறதோ இல்லையோ, பணம் அனுப்புவது பற்றி யோசனை நிறைய இருக்கும்.

தபாலாபீஸில் மணியார்டர் போடு என்றார் ஒருவர். மணியார்டர் போட்டால் ஊர்த் தபால்காரர் நாலு நாள் வைத்திருந்து வட்டிக்கு விடுவார் என்றார் அடுத்தவர். ஜவுளிக்கடை பாயிடம் உண்டியலில் கொடு, இங்கே சிங்கப்பூர் வெள்ளியாகக் கட்டினால் அங்கே அவர் ஆள் ரூபாயாக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பான் என்றார் மூன்றாமவர். உண்டியல்காரர்களைப் போலீஸ் பிடித்தால் பணமும் போகும், கொடுத்தவனும் உள்ளே போவான் என்றார் அவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தும் கிட்டங்கிதான் பத்திரமானது என்று ஒரு கட்சி. ஊருக்குப் போகிற ஆளிடம் பவுனாக வாங்கிக் கொடுத்துவிடுவதே உத்தமம் என்று ஒரு கட்சி. கப்பல் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்டது மட்டும் நான்.

ஒவ்வொரு வழியிலும் ஓர் ஆபத்து இருந்தது. ஆனால் நான்கு ஆபத்தும் ஒரே மாதத்தில் வராது என்று என் ஐந்தாம் வகுப்புக் கணக்கு சொன்னது. ஆகவே பணத்தை நான்காகப் பிரித்தேன். ஒரு பங்கை மணியார்டர் போட்டேன். ஒரு பங்கைப் பாயிடம் கொடுத்தேன். அவர் நாகப்பட்டினத்துப் பக்கத்தவர், நிதானமானவர். நான் மூன்று தடவை திரும்பிப் போய் அதே கேள்வியைக் கேட்டபோது, துணி கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்க பணம் ஊருக்குப் போய்ச் சேந்துடும். நீங்கதான் இன்னும் என் கடை வாசல்லயே நிக்கிறீங்க."

மூன்றாவது பங்கு செட்டியார் கிட்டங்கிக்குப் போனது. தரையில் சாய்மேசை போட்டு உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை, இந்தத் தொகைக்கா பஸ் ஏறி வந்தாய் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்து எழுதிக்கொண்டார். நான்காவது பங்கை நகைக்கடையில் பவுனாக வாங்கி, எங்கள் அறையிலிருந்து ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரின் இடுப்புப் பெல்ட்டில் நானே உட்கார்ந்து தைத்தேன். கப்பலில் குளிக்காமல் போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் விளக்கி அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதத்தை யாராவது பிரித்துப் படித்தால் பாய் மாட்டிக்கொள்வாரே என்ற கவலையில், 'நான்கு விருந்தாளிகள் வருவார்கள், நால்வரையும் ஒருவரே என எண்ணிக்கொள்ளவும்' என்று மட்டும் எழுதினேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டிய வாத்தியார் அதை ஏதோ சித்தாந்தம் என்று நினைத்து, பிள்ளைக்குச் சிங்கப்பூரில் பக்தி முற்றிவிட்டது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம்.

என் கணக்கு பலித்தது. நான்கு ஆபத்தில் ஒன்றுகூட வரவில்லை. நான்கு பணமும் வந்து சேர்ந்தது. நான் யோசித்திருந்த எல்லா விபரீதத்திலும் இது ஒன்றுதான் இல்லை.

முதலில் தபால்காரர் வந்து வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டு ரூபாய் நோட்டை எண்ணினார். ஊர் பார்த்தது. இரண்டு நாள் கழித்துப் பாயின் ஆள் பெல் அடித்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். ரகசியமாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர் எங்கள் வீடு தெரியாமல் ஏழெட்டு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வந்தாராம். அடுத்த வாரம் செட்டியார் கிட்டங்கியின் ஆள் டவுனிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார். குதிரை வண்டி கடைசியாக எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு டாக்டரோடு. அதனால் யார் சாகக் கிடக்கிறார்கள் என்று பார்க்க எல்லோரும் கூடிவிட்டார்கள். கடைசியாக என் அறைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் பிஸ்கட் டின்னோடு வந்து, இடுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கச் சொன்னார். அதையும் ஊர் பார்த்தது.

அம்மா கண்ணேறு பட்டுவிடுமே என்று பயந்து, கேட்டவர்களிடமெல்லாம் கொஞ்சப் பணம்தான் என்றாள். கொஞ்சப் பணத்துக்கு யாராவது குதிரை வண்டியில் வருவார்களா? ஊரார் அவரவர் வசதிக்கு ஒரு தொகையைப் போட்டு நான்கால் பெருக்கிக்கொண்டார்கள். பெருக்கிய கணக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. அதற்கு மணியார்டர் கூலியும் கிடையாது.

அம்மா வாத்தியாரை வைத்து எழுதிய கடிதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்கள். எட்டுப் பவுன் பன்னிரண்டு ஆகிவிட்டது. சைக்கிள் மோட்டார் சைக்கிள் ஆகிவிட்டது. நாலு வழியில் பணம் அனுப்புகிறவர் தங்கைக்கு இது செய்யமாட்டாரா என்று கேட்கிறார்களாம். முடியாது என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். தங்கை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கடைசி வரியில் இருந்தது. வாத்தியார் அதைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்.

எல்லாம் ஒரே பணம்தான் என்று விளக்கி மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எழுதினேன். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார். என் அடக்கத்தை மெச்சுவதாகவும், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருப்பதாகவும், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து என்னையும் என் நிலைமையையும் கண்டு எழுதுவார் என்றும், அவர் சொல்லே தங்களுக்கு முடிவு என்றும் சொல்லியிருந்தார். கிராணி என்றால் குமாஸ்தா. கணக்குப் பார்க்கிற கண். என் நிலைமையைப் பார்க்க அவ்வளவு பெரிய கண் தேவையில்லை.

அறையில் கூட்டம் போட்டோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர், உள்ளதை உள்ளபடி காட்டு, மோட்டார் சைக்கிள் தானாக ஓடிப்போகும் என்றார். வெள்ளைக்காரர் கிளப்பில் பரிமாறுகிறவர் ஒருவர் இருந்தார், பட்லர் அண்ணன் என்போம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உள்ளதைக் காட்டினா மோட்டார் சைக்கிள் மட்டுமா போவும்? மாப்பிள்ளையும்ல போயிடுவான்," என்றார். "தரையில கெடக்குற இந்தப் பாயைப் பாத்தா எவன்டா பொண்ணு எடுப்பான்? கொஞ்சம் மேல தூக்கிக் காட்டணும் லா. ரொம்ப இல்ல. ஒரு சூப்பர்வைசர் அளவுக்கு."

பட்லர் அண்ணன் சொன்னதில் பயம் இருந்தது, எனக்குப் பயம் எப்போதும் நியாயமாகவே படும். ஒத்துக்கொண்டேன். அவர் கிளப்பில் கழித்துப்போட்ட மேசைக் காற்றாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு ஒயர் இல்லை. எங்கிருந்தோ ஒரு டெலிபோன் வந்தது. அதற்கும் ஒயர் இல்லை. பக்கத்திலிருந்த முடிவெட்டும் கடையிலிருந்து ரேடியோவைப் பெட்டியோடு இரவல் வாங்கினார். பாய்களையெல்லாம் சுருட்டித் திரைக்குப் பின்னால் அடுக்கினார். அறைக்காரர்களைக் கீழே அஞ்சடி நடைபாதையில் போய் நிற்கச் சொல்லி, என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

கிராணி ஐயா பதினொரு மணிக்கு வந்தார். கறுத்து மெலிந்த மனிதர். அந்த வெயிலில் கோட்டு. காலில் பளபளக்கும் சப்பாத்து, ஆனால் படியேறும்போது ஒவ்வொரு படியிலும் முகத்தைச் சுளித்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்கு சுவரையும் மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தார்.

காற்றாடியைக் காட்டி, ஓடாதா என்று கேட்டார். எங்க சூப்பர்வைசர் ஐயாவுக்குக் காத்து ஒத்துக்காது, சளி பிடிக்கும் என்றார் பட்லர் அண்ணன். டெலிபோன் பேசுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றார் பட்லர் அண்ணன். வந்தவர் தலையாட்டினார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஏளனம் என்று நினைத்தேன். ரேடியோப் பெட்டியின் பின்பக்கம் முடிவெட்டும் கடையின் கத்தரிக்கோல் படம் வரைந்திருந்ததை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க அரைத்த மிளகாய் பலகை இடுக்கில் படிந்திருக்கும். யாராவது நடந்தால் கிளம்பும். கிராணி ஐயா நடந்தார், கிளம்பியது. தும்மினார். நானும் தும்மினேன். பட்லர் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இது சீமை வாசனைத் தூள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து இரவு வேலைக்காரர் ஒருவர், அவரை எழுப்பிக் கீழே அனுப்ப மறந்திருந்தோம், தலையை நீட்டினார்.

"எவன்டா பாயையெல்லாம் சுருட்டினது? எட்டுப் பேரு பாயையும் எம்மேல அடுக்கி வச்சிருக்கீங்க. மனுசன் தூங்குறதா, சமாதி ஆவுறதா?"

பட்லர் அண்ணன் மூக்கைப் பிடித்த கையால் முகத்தையே மூடிக்கொண்டார். போயிற்று என்று நினைத்தேன். தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. வந்தவர் எழுந்து, வாங்க தம்பி, பசிக்குது, எங்கேயாவது சாப்பிடலாம் என்று என் தோளில் கை வைத்தார்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் முதல் காரியமாக மேசைக்கடியில் சப்பாத்தைக் கழற்றினார். இலை போட்டு, சோறு வந்து, இரண்டு கவளம் உள்ளே போனது. பிறகு தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. உங்ககிட்ட ஒன்னுமே இல்லதானே?"

"இல்லைங்க மாமா," என்றேன். "அனுப்பினது ஒரே பணந்தான். பயத்துல நாலாப் பிரிச்சு அனுப்பிட்டேன்."

அவர் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி "முருகா" என்றார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"நான் ஒரு மாசமாத் தூங்கல தம்பி. பொண்ணு வீட்டுல என்ன போடுறாங்களோ, அதைப் பாத்துத்தான் தாய்மாமன் சீரு பேசுவாங்க எங்க பக்கத்துல. நீங்க சைக்கிள்னா, நான் ஒரு மோதிரம், ஒரு பட்டு வேட்டியோட தப்பிச்சேன். நீங்க மோட்டார் சைக்கிள்னா, நான் சங்கிலி போடணும். சபையில எங்க அக்கா தலை குனியக் கூடாதுல்ல? என்னைக் கேக்காம நீங்க நாலு வழியில பணம் அனுப்பிட்டீங்க."

காற்றாடி ஓடாததைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்ததாம். டெலிபோனுக்கு ஒயர் இல்லாததில் முக்கால் உயிர். பாய்க்காரர் எழுந்து கத்தியபோது அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியதாம். நாங்கள் எதையெல்லாம் மறைக்கப் பாடுபட்டோமோ, அதையெல்லாம் பார்க்கத்தான் அந்த மனுஷர் ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

என் கவலை தீர்ந்திருக்க வேண்டும். எனக்கு அப்படித் தீராது. நிலைமையை அப்படியே எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தமே வேண்டாம் என்று விட்டுவிட மாட்டார்களா என்று கேட்டேன். அவர் மோர் ஊற்றிக்கொள்ள நீட்டிய கை நின்றது. அது அவருக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்து என் ஏழ்மையை அளந்தோம். மில்லில் நான் மிளகாய் நிறுப்பதைவிடக் கவனமாக. கூடினால் மோட்டார் சைக்கிள், குறைந்தால் கல்யாணமே இல்லை. சொந்தமாக அறை என்று எழுதலாமா? வேண்டாம், அறை வைத்திருப்பவன் கட்டிலும் பீரோவும் வாங்கித் தருவான். பலரோடு தங்கியிருக்கிறான் என்றால்? அது ரொம்பக் கீழே. 'நல்ல மனிதர்களோடு கூடி வசிக்கிறார்' என்று முடிவானது. காற்றாடி? இருக்கிறது என்று எழுதுவோம், அது உண்மை. ஓடுகிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. கெட்ட பழக்கம் கிடையாது என்பதை இரண்டு தடவை எழுதச் சொன்னார். பணம் இல்லாதவனுக்கு அதுதான் நகையாம்.

எழுதச் சொன்னார் என்கிறேனே, எழுதியது நான்தான். கடைக்காரரிடம் தாளும் பேனாவும் வாங்கி அவர் பக்கம் வைத்தேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். விரல் நுனிகளில் ரப்பர்ப் பால் கறுத்துப் படிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பெரிய கிராணி கையில் மை இருக்க வேண்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் என் டெலிபோனைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லையே.

ஆக, என் யோக்கியதையை நேரில் கண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிய சான்றை என் கையாலேயே எழுதினேன். ஏற்கனவே அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேனே, எழுத்து அடையாளம் தெரிந்துவிடுமே என்று எழுத்தையெல்லாம் இடப்பக்கம் சாய்த்து எழுதினேன். 'பையன் உழைப்பாளி, ஆனால் சற்றுப் பயந்த சுபாவம்' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியபோது, பயந்த சுபாவம் எதற்கு மாமா என்று கேட்டேன். அதுதான் மிஞ்சிப் பேசமாட்டான்னு அவங்களுக்கு நம்பிக்கை குடுக்கும் என்றார். கடைசியில் கையெழுத்தை மட்டும் அவர் போட்டார். போட்டார் என்பதைவிட வரைந்தார் என்று சொல்லலாம்.

பதில் வரும்வரை நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. பதில் வந்தது. தாய்மாமன் சொன்னபின் தாங்கள் பணத்தைப் பெரிதாக நினைப்பவர்கள் அல்ல என்று மாப்பிள்ளையின் அப்பா எழுதியிருந்தார். பழைய பேச்சே பேச்சு. எட்டுப் பவுன், ஆயிரம் ரூபாய், சைக்கிள். ஆனால் ஊரில் மோட்டார் சைக்கிள் என்று சொல்லிவிட்டபடியால், சைக்கிளுக்கு ஒரு டைனமோ விளக்காவது இருந்தால் கௌரவமாக இருக்கும் என்று கேட்டிருந்தார். விளக்குப் பணத்தை மணியார்டரில் அனுப்பினேன். ஒரே மணியார்டர்.

தங்கை சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று அம்மாவிடமிருந்து வந்தது. அந்த வரியை வாத்தியார் சாதாரண எழுத்திலேயே எழுதியிருந்தார்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பணத்தைத்தான் நான்கு வழியில் அனுப்ப முடிந்தது. ஆளை அனுப்ப ஒரு வழிக்கும் பணமில்லை. மாமாவும் போகவில்லை. மோதிரத்தையும் பட்டு வேட்டியையும் ஊருக்குப் போகிற ஒருவர் கையில் அனுப்பிவிட்டு, முகூர்த்த நாளன்று காலையிலேயே ஜொகூரிலிருந்து வந்துவிட்டார். இந்தத் தடவை கோட்டு இல்லை, காலில் ரப்பர்ச் செருப்பு. வீரமாகாளி கோயிலில் இருவரும் ஒரு அர்ச்சனை செய்தோம். ஊரில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். இங்கே பதினொன்று ஆகும்வரை கோயில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை பெய்து பந்தல் சரிந்திருக்குமோ என்று கேட்டேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டியாச்சு தம்பி என்றார், நேரில் பார்த்தவரைப் போல.

பிறகு அதே சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பெண் வீடு நான், மாப்பிள்ளை வீடு அவர். சிங்கப்பூரில் இரு வீட்டுக்கும் வேறு ஆள் கிடையாது. இலை போட்டதும் அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சாம்பாரை ஒரு வாய் வைத்தார். இலையைத் தள்ளினார்.

"சாம்பார்ல உப்பு இல்ல."

இருக்கிறதே மாமா என்றேன்.

"இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரன் நான். இதுகூடச் சொல்லலைன்னா எனக்கு என்ன மரியாதை?"

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு உப்பு கொண்டுவரச் சொன்னேன். தப்பு நடந்துபோச்சு, மன்னிக்கணும் மாமா என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவர் இறங்கவில்லை. அப்பளம் சிறிது என்றார், கூட்டு ஆறிவிட்டது என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, என் கையாலேயே அவர் இலையில் பாயசம் ஊற்றினேன். அதன் பிறகுதான் சமாதானமானார். இரண்டாம் தடவையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் திருப்தியாகச் சாப்பிட்டார்கள் என்று அன்றைக்கே அம்மாவுக்கு எழுதிப் போட்டேன்.